தொண்ணூறு சென்டிமீட்டர் குறைகிறது

டங்!

சுத்தியல் செங்கல் மேல் விழுந்தது.

டங்...! டங்...!

"நிறுத்துடி!"

நோயெமி நிறுத்தவில்லை.

சரக்கறையின் உள்சுவர். இடுப்பு உயரத்தில் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. நோயெமியின் விரல் முட்டியில் ரத்தம். தலைமுடி, புருவம், உதடு எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை.

"கடைசித் தடவையா சொல்றேன்... இன்னொரு அடி விழுந்துச்சு, சுட்டுடுவேன்!"

வாசலை அடைத்துக்கொண்டு நின்றவள் டெர்ஷிநே. அந்த வீட்டின் சொந்தக்காரி. வயது ஐம்பத்து மூன்று. போன வருஷம் புருஷன் போய்விட்டான். அவன் விட்டுப்போன இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி இப்போது அவள் தோளில் இருந்தது.

"சுடுங்க அம்மணி." நோயெமி திரும்பாமலே சொன்னாள். "போலீஸ் வர்ற நேரம்தான். அவங்களுக்கும் தேடுற வேலை மிச்சம்."

"போ... போலீஸா?"

"இருபது நிமிஷம் முன்னாடியே போன் போட்டாச்சு. வீட்டுல ஒரு பொணம் இருக்குன்னு."

"பொணமா? எங்கடி இருக்கு பொணம்?"

"அதைத்தானே எடுத்துக்கிட்டிருக்கேன்?"

டங்!

டுமீல்...!

குண்டு வளைவுக் கூரையில் பாய்ந்தது. பொலபொலவென்று காரை கொட்டியது. நோயெமியின் காது ங்கொய்ங் என்று இரைந்தது. அவள் குனிந்தாள், இருமினாள், சுத்தியலைத் துடைத்தாள்.

மறுபடி ஓங்கினாள்.

இந்த முறை செங்கல் ஆடியது. அடுத்த அடியில் வெளியே விழுந்தது. கூடவே இன்னும் இரண்டு.

ஓட்டை.

ஓட்டைக்குள் இருட்டு.

இருட்டிலிருந்து ஏதோ சரிந்து வந்து, செங்கல் விளிம்பில் தொங்கியது.

ஐந்து விரல்கள்.

சதை இல்லாத ஐந்து விரல்கள்!

டெர்ஷிநே துப்பாக்கியைத் தாழ்த்தினாள். அலறவில்லை. மயங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்கு ஓட்டல்காரன் கையெழுத்துப் போட வர்றான். அதுக்குள்ள இந்தக் குப்பையை யாருடி கூட்டுறது?"

* * *

கிஷ்டெரெஷ் கிராமத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, அறுத்த மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே அந்த வீடு தனியாக நின்றது.

டெர்ஷி மாளிகை.

1794-ல் டெர்ஷி இக்னாட்ஸ் கட்டினான். சொந்த மண். சொந்தச் சூளை. முதுகு மட்டும் பண்ணையாட்களுடையது. ஒவ்வொரு பச்சைச் செங்கல்லிலும் தன் பெயரின் இரண்டு எழுத்தை அழுத்தி வைத்தான். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி! பேரன் மேற்குப் பக்கம் நாலு அறை சேர்த்தான். கொள்ளுப்பேரன் சீட்டாட்டத்தில் காட்டைத் தோற்றான். 1949-ல் அரசாங்கம் வந்து மீதியைப் பிடுங்கியது. கோதுமைக் கிடங்கு, கூட்டுப்பண்ணை ஆபீஸ், பாலர் பள்ளி என்று வீடு பல அவதாரம் எடுத்தது.

1993-ல் கிழட்டு டெர்ஷி கால்மான் அதை ஏலத்தில் திரும்ப எடுத்தார். 1998 பிப்ரவரியில் செத்தார். மகன் பாலிந்த்தை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆகவே உயிலில் ஒரே வரி எழுதினார்:

'வீடு என் மருமகள் டெர்ஷி பாலிந்த்நேக்கு.'

எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் அப்படித்தான். தாலி மாதிரி எதுவும் கழுத்தில் ஏறாது. ஆனால் புருஷன் பெயர் முழுசாகத் தலையில் ஏறிவிடும். அதன் வாலில் ஒரு 'நே'. பாலிந்த்தின் பெண்டாட்டி பாலிந்த்நே. அவள் பிறந்தபோது வைத்த பெயரைக் கேட்டால் தபால்காரருக்கே தெரியாது.

இது 2014 அக்டோபர். வீட்டை ஓட்டல் ஆக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. கட்டடத்தை அளந்து சரித்திரம் எழுதித்தர நோயெமியை அனுப்பியதும் அந்தக் கம்பெனிதான். மூன்று வாரமாக அளக்கிறாள்.

இன்று கடைசி நாள். பகலில் கையெழுத்து. திங்கட்கிழமை புல்டோசர். சரக்கறை இருக்கிற பின்பக்கம் தரைமட்டம்!

* * *

"கை முத்தம், அம்மணி!"

சார்ஜண்ட் ஷொம்போர் எங்கள் பக்கத்து மரியாதைப்படி வணக்கம் சொல்லி, தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அதற்குள் சாக அவருக்கு உத்தேசமில்லை.

அவருக்குப் பின்னால் கேப்டன் பாகோஷ் நுழைந்தார். வயிறு முதலில், ஆள் அப்புறம். வாயில் சூரியகாந்தி விதை.

"யார் சுட்டது?"

"நான்தான்," என்றாள் டெர்ஷிநே. "மச்சுல மரநாய்."

"மச்சுல இருக்கிற மரநாயை சரக்கறையில நின்னு சுட்டீங்களா?"

"கீழ இறங்கி வந்துச்சு."

"எங்க?"

"சுட்டேன்ல? ஓடிப்போச்சு."

கேப்டன் விதைத் தோலைத் துப்பினார். ஷொம்போர் பவ்யமாகத் துப்பாக்கியை வாங்கி, மிச்சமிருந்த தோட்டாவை உருவிச் சட்டைப்பையில் போட்டு, அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

கேப்டன் ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது விதை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"பொம்பளை. இடுப்பெலும்பு சொல்லுது. சுண்ணாம்பைக் கொட்டி மூடியிருக்காங்க. துணிமணி எதுவும் மிஞ்சல." நோயெமி பக்கம் திரும்பினார். "நீதான் போன் போட்டியா?"

"ஆமா சார்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பது இருபது."

"எலும்பு எப்ப வெளிய வந்துச்சு?"

"ஒன்பது நாப்பத்திமூணு."

"இருபத்திமூணு நிமிஷம் முன்னாடியே புகாரா! என்ன, ஜோசியமா?"

"அளவு டேப்பு சார்."

"என்ன?"

"வெளிச்சுவரை அளந்தா முப்பத்தொரு மீட்டர் நாப்பது. உள்ள ஒவ்வொரு அறையையும், நடுவுல ஒவ்வொரு சுவரையும் அளந்து கூட்டினா முப்பது மீட்டர் அம்பது. தொண்ணூறு சென்டிமீட்டர் குறையுது. மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் குறையுது."

"சரி. அந்த இடத்துல பொணம்தான் இருக்கணுமா? பழைய நகைப்பெட்டி இருக்கக் கூடாதா?"

"நகைப்பெட்டின்னு சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

"இன்னும் வேகமா வந்திருப்பேன்." கேப்டன் சிரிக்கவில்லை. "ஒருத்தர் வீட்டுச் சுவத்தை உடைக்க உனக்கு யாரு அனுமதி கொடுத்தது?"

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க!" டெர்ஷிநே புகுந்தாள். "மூணு வாரமா என் வீட்டுல சுண்டெலி மாதிரி சுத்துறா. அலமாரிக்குப் பின்னாடி, பாதாள அறையில, மச்சுல... எங்க பார்த்தாலும் இவ மூஞ்சிதான். நான் இவ மேல புகார் கொடுக்கணும். எழுதுங்க!"

"எழுதலாம் அம்மணி. முதல்ல இந்த எலும்பு யாருதுன்னு சொல்லுங்க."

"இது தெரியாதா? இக்னாட்ஸ் பிரபு வேலைக்காரியைச் சுவத்துல வெச்சுக் கட்டினார்னு ஊர்ல குழந்தை கூடச் சொல்லும். இருநூறு வருஷத்து எலும்பு! பெட்டியில போட்டு மியூசியத்துக்கு அனுப்புங்க. கீழ விழுந்து கிடக்குதே கல்லு, அதுலயே முத்திரை இருக்கு. பாருங்க!"

கேப்டன் ஒரு செங்கல்லைப் புரட்டினார். அகலப் பக்கத்தில் பள்ளமாக இரண்டு எழுத்து. டி... ஐ...

"டெர்ஷி இக்னாட்ஸ்," என்றார்.

"அவ்வளவுதான்! ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தி நாலு. கேஸ் முடிஞ்சுது. காபி போடட்டுமா?"

"ஒரு நிமிஷம் சார்." நோயெமி நகர்ந்து வந்தாள். "அந்த எழுத்துப் பள்ளத்துல நகத்தை விட்டுச் சுரண்டுங்க."

"எதுக்கு?"

"சுரண்டுங்களேன்."

கேப்டன் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு தகடு பெயர்ந்தது. அதன் அடியில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"அடியில வெள்ளையா இருக்கிறது சுண்ணாம்பு. இக்னாட்ஸ் காலத்துப் பூச்சு. மேல சாம்பலா இருக்கிறது சிமெண்ட். இக்னாட்ஸ் காலத்துல இந்த நாட்டுல யாரும் சிமெண்ட்டைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல. கல்லு பழசு சார்... சுவரு புதுசு!"

டெர்ஷிநே கல்லை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு. கல்லோட ஓரத்தைப் பாருங்க. கன்னங்கரேல்னு. சரக்கறைச் சுவத்துக்குப் புகைக்கரி எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சு?"

"இது முதல்ல சரக்கறையில இருந்த கல்லே இல்ல. நடுச் சமையல்கட்டுல ஆள் உள்ள நின்னு இறைச்சி தொங்கவிடுற அளவுக்கு ஒரு பெரிய புகைக்கூண்டு இருந்துச்சு. அதை இடிச்சு, அந்தக் கல்லுல இதைக் கட்டியிருக்காங்க. புகைக்கூண்டை இடிக்க பாலிந்த் ஐயா வாங்கின அனுமதிக் கடுதாசியோட நகல் என் ஃபைல்ல இருக்கு. தேதி 1998 செப்டம்பர்."



கேப்டன் கல்லைக் கீழே வைத்தார்.

"ஆக..." கேப்டன் நிதானமாகச் சொன்னார், "இந்தச் சுவருக்கு வயசு பதினாறு. அம்மணி... காபி அப்புறம் போடலாம்."

* * *

டெர்ஷிநேயைச் சும்மா சொல்லக் கூடாது. பத்தே வினாடி! பத்து வினாடியில் முகத்தை மாற்றி, கைக்குட்டையை எடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அப்படின்னா... பாலிந்த்தான். என் பாலிந்த்!"

"என்ன சொல்றீங்க?"

"புகைக்கூண்டை இடிச்சது அவர். சுவரைக் கட்டினது அவர். எலி வருதுன்னு என்கிட்ட சொன்னார். நான் அப்ப இங்க இல்லவே இல்ல சார்! மாமனாரைப் பார்த்துப் பார்த்து இடுப்பு போயி, ஹேவிஸ் வெந்நீர்க் குளத்துல ரெண்டு மாசம் மிதந்துக்கிட்டிருந்தேன்."

"வீட்டுல யார் இருந்தா?"

"அவர் மட்டும்தான். எவளைக் கூட்டிட்டு வந்தாரோ... என்ன பண்ணினாரோ..." கைக்குட்டை மறுபடி கண்ணுக்குப் போனது. "எழுதிக்குங்க சார். கொலைகாரன் பேரு டெர்ஷி பாலிந்த். முகவரி கிராமத்துக் கல்லறை, மூணாவது வரிசை. போய்க் கைது பண்ணுங்க!"

ஷொம்போர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்.

கேப்டன் முற்றத்துக்குப் போய் மாவட்டத் தலைமையகத்துக்குப் போன் போட்டார். கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது தோள் இரண்டும் தொங்கியிருந்தன.

"ஷொம்போர், 1997-லேர்ந்து 2000 வரைக்கும் இந்த மாவட்டத்துல நாலு பொம்பளைங்க காணாமப் போயிருக்காங்க."

"அதுல ஒருத்தியா சார்?"

"நாலு பேரும் கிடைச்சாச்சு. மூணு பேர் நல்லபடியா. ஒருத்தி மச்சானோட."

"அப்ப இது யாரு?"

"யாரும் இல்ல! யாரும் தேடல. யாரும் புகார் கொடுக்கல. கொன்னவன் கல்லறையில, செத்தவ கணக்குலயே இல்ல. நான் யாரை விசாரிக்கிறது, இந்தச் செங்கல்லையா?"

டெர்ஷிநே கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள். அதற்கு வேலை முடிந்துவிட்டது.

"பாவம், அநாதைப் பொணம். நல்ல சவப்பெட்டி நானே வாங்கித் தர்றேன் சார். பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துடுவீங்கல்ல?"

"சார்!" நோயெமி குறுக்கே வந்து நின்றாள். "வீடு கைமாறிப்போச்சுன்னா திங்கட்கிழமை இந்தப் பக்கமே இருக்காது. தரையைத் தோண்டணும். சுண்ணாம்பைச் சலிச்சுப் பார்க்கணும். ஏதாவது ஒண்ணு கிடைக்கும்... பேரு தெரியாம அவங்களை அட்டைப் பெட்டியில போட்டுடாதீங்க!"

"உனக்கு ஏம்மா இவ்வளவு துடிப்பு? நீ அளக்க வந்தவ."

"அளவு சரியா வரலைன்னா எனக்குத் தூக்கம் வராது சார்."

"எனக்கு வரும்," என்றார் கேப்டன். "ஷொம்போர், குறிப்பு எழுது. கையெழுத்து வாங்கு. கிளம்பலாம்."

டெர்ஷிநே நோயெமியைக் கடந்து போகும்போது குனிந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

"உன் லைசென்ஸைப் பிடுங்காம விட மாட்டேன்டி. இனிமே நீ கோழிக்கூண்டு கூட அளக்க முடியாது!"

* * *

முன்பக்கத் தாழ்வாரம். ஆறு பருத்த தூண். நடுவே மேஜை.

டெர்ஷிநேக்குத் தலைகால் புரியவில்லை. பன்றிக்கொழுப்புப் போட்ட உப்புப் பன் ஒரு தட்டு வந்தது. ப்ளம் சாராயம் இரண்டு சின்னக் கிளாஸில் வந்தது. கேப்டனுக்கு ஒன்று, சார்ஜண்ட்டுக்கு ஒன்று. நோயெமிக்குத் தண்ணீர் கூட வரவில்லை. அவள் சுத்தியலை இறுகப் பிடித்தபடி தூணில் சாய்ந்து நின்றாள்.

மேஜையின் ஒரு கோடியில் ஓட்டல் வக்கீல் அனுப்பிய விற்பனைப் பத்திரம் தயாராகக் கிடந்தது.

ஷொம்போர் லேப்டாப்பைத் திறந்தார். இரண்டே விரலால் தட்டுவார். கோழி கொத்துகிற மாதிரி.

"அடையாள அட்டை குடுங்க அம்மணி. வழக்கமான கேள்விதான். வாயால சொல்லிட்டே வாங்க, அப்புறம் நான் கார்டுல சரி பார்த்துக்கறேன். பேரு?"

"டெர்ஷி பாலிந்த்நே. விதவை."

"பிறந்தப்போ வெச்ச பேரு?"

"பெங்க்கோ ஹைனல்கா."

"பிறந்த ஊரு?"

"கொலொஷ்வார்."

"அடேயப்பா, எல்லைக்கு அந்தப் பக்கமா! தேதி?"

"1961, மே ஒன்பது."

டெர்ஷிநேயின் செல்போன் அடித்தது. எடுத்தாள். முகம் மலர்ந்தது.

"ஹலோ! வந்துட்டே இருக்கீங்களா? வாங்க, வாங்க... அதெல்லாம் ஒண்ணுமில்ல, மியூசியத்துக்காரங்க சமாச்சாரம்..."

"அம்மா பேரு?"

"கோச்சிஷ் ரோசாலியா... இல்லைங்க, உங்களை இல்ல, இங்க ஒருத்தருக்குச் சொன்னேன். பேனா நீங்களே கொண்டு வந்துடுங்க. என் பேனா கசியும்..."

டக். டக். டக். ஷொம்போர் தட்டினார்.

கார்டைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி பார்த்தார்.

"அம்மணி..."

"ம்?"

"கார்டுல அம்மா பேரு இம்ரே எஸ்தர்னு போட்டிருக்கே?"



"ஹலோ? ஹலோ...?" என்றது செல்போன்.

எங்கள் நாட்டில் அந்தக் கேள்விக்குத் தப்பி யாரும் வாழ முடியாது. தபால் ஆபீஸில் பார்சல் வாங்கினால் கேட்பார்கள். பல் பிடுங்கப் போனால் கேட்பார்கள். மீன் பிடிக்க லைசென்ஸ் கேட்டால் அவர்கள் பதிலுக்குக் கேட்பது, 'அம்மா பேரு?' ஆறு வயதில் பள்ளிக்கூட வாசலில் சொல்லிப் பழகிய பதில். நாக்கு தானாகச் சொல்லும். மூளையிடம் அனுமதி வாங்காது.

பதினாறு வருஷம் அவள் நாக்கைக் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு வினாடி யோசித்து, இம்ரே எஸ்தர், இம்ரே எஸ்தர், இம்ரே எஸ்தர் என்று சொல்லி வந்தாள். இன்று ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் யோசிக்க மறந்தாள்!

"கா... கார்டுல தப்பா அடிச்சுட்டாங்க."

கேப்டன் கிளாஸைக் கீழே வைத்தார். கையை நீட்டி விற்பனைப் பத்திரத்தை இழுத்தார். முதல் பக்கம்.

"வக்கீலும் தப்பா அடிச்சிருக்காரே? 'டெர்ஷி பாலிந்த்நே, பிறப்புப் பெயர் பெங்க்கோ ஹைனல்கா, தாயார் இம்ரே எஸ்தர்'."

"அது... வளர்ப்புத் தாய்..."

"எது? கார்டுல இருக்கிறதா, வாயில வந்ததா?"

"சார், போன் பேசிட்டே சொன்னேன்... குழம்பிட்டேன்..."

"மனுஷனுக்குப் பெண்டாட்டி பேரு குழம்பும். எனக்கே குழம்பியிருக்கு, வாங்கிக் கட்டியிருக்கேன். பெத்தவ பேரு குழம்பி நான் பார்த்ததில்ல." கேப்டன் எழுந்தார். இப்போது அவர் வயிறு கூட உள்ளே போயிருந்தது. "கணக்குலயே இல்லாத பொம்பளை யாருன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அவ எப்படிக் காணாமப் போவா? அவ பேருலதான் நீ நடமாடிக்கிட்டிருந்தியே!"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பாய்ந்தாள்! நடையைத் தாண்டி, சரக்கறையில் சாய்த்திருந்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, நோயெமியின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"எல்லாம் உன்னாலதான்டி!"

க்ளிக்.

"தோட்டா என்கிட்ட இருக்கு அம்மணி," என்றார் ஷொம்போர், சட்டைப்பையைத் தட்டியபடி. "ஏதோ மரநாய் மேல இருந்த இரக்கம்."

விலங்கு பூட்டிய பிறகும் அவள் அடங்கவில்லை. திமிறினாள். காறித் துப்பினாள்.

"அந்தக் கிழவன் உயில்ல என்ன எழுதினான்? ஹைனல்கான்னா எழுதினான்? பாலிந்த் பெண்டாட்டின்னு எழுதினான்! ஆறு வருஷமா பாலிந்த்துக்குப் பெண்டாட்டியா இருந்தது நான். மோதிரம் மட்டும் அவ கையில!"

"அதுக்காகச் சுவத்துல வெச்சுடுவியா?"

"சுத்தியலால அடிச்சது அவர். சுண்ணாம்பு குழைச்சது நான். அவ அப்பத்தான் இந்த நாட்டுப் பிரஜை ஆகியிருந்தா. கார்டு எடுக்க ஆபீஸ்ல அவளுக்குப் பதிலா நான் போய் உட்கார்ந்தேன். போட்டோ எடுத்தான். முடிஞ்சுது! ஒரு கேள்வி கேட்கல. ஊர்லயும் அவ முகம் யாருக்கும் தெரியாது, வீட்டைத் தாண்டாதவ." அவள் சிரித்தாள். "அவளைத் தேட நாதி கிடையாது சார். இந்தப் பக்கம் ஒரு நாய் கூடக் கிடையாது. பாலிந்த் எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் கை வெச்சார்!"

கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஷொம்போர், சாட்சி விவரத்தையும் எழுதிடு. இந்தப் பொண்ணைச் சீக்கிரம் அனுப்பி வை. பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல அது."

ஷொம்போர் புதுப் பக்கம் திறந்தார்.

"பேரு?"

"ஷிபோஷ் நோயெமி."

"பிறந்த ஊரு?"

"கொலொஷ்வார்."

விலங்கு மாட்டிய கைகள் அசைவதை நிறுத்தின.

"தேதி?"

"1987, மார்ச் ரெண்டு."

"அம்மா பேரு?"

நோயெமி உதட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் புறங்கையால் துடைத்தாள்.

"பெங்க்கோ ஹைனல்கா."

ஷொம்போரின் இரண்டு விரலும் அந்தரத்தில் நின்றன.

"பொய்!" என்று கத்தினாள் கைதி. "அவளுக்குப் பிள்ளையே கிடையாது! பாலிந்த் சொன்னார்..."

"அவருக்குத் தெரியாது. முதல் புருஷன்கிட்ட ஒரு பொண்ணை விட்டுட்டு வந்ததைச் சொல்ல அம்மாவுக்குத் தைரியம் வரல. கிறிஸ்துமஸுக்குச் சொல்லிடறேன், சொல்லிட்டு வந்து உன்னைக் கூட்டிக்கறேன்னு கடுதாசி போட்டாங்க. 1998 ஆகஸ்ட்ல. அதுதான் கடைசிக் கடுதாசி."

"அப்ப மூணு வாரமா..."

"முதல் நாளே தெரியும். கதவைத் தட்டினேன். என்னை விட்டுட்டுப் போன அம்மாவை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கணும்னுதான் இந்த வேலையையே கேட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்க கதவைத் திறந்து, 'நான்தான் டெர்ஷி பாலிந்த்நே'ன்னு சொன்னீங்க." அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "இது என் அம்மா இல்லைன்னு போலீஸ்ல சொன்னா யார் நம்புவா சார்? கையில கார்டு வெச்சிருக்கிறவங்க அவங்க. பதினொரு வயசுல பார்த்த முகம் மட்டும்தான் என்கிட்ட. அதான் டேப்பை எடுத்தேன்."

"பதினாறு வருஷம்..." என்றார் ஷொம்போர் மெதுவாக.

"பதினாறு வருஷமா அம்மா மேல கோவத்துல இருந்தேன் சார். அவங்க என்னை விட்டுட்டு எங்கயும் போகல."

கேப்டன் தன் கிளாஸை எடுத்து, அதில் தொடாமல் இருந்த சாராயத்தை நோயெமியின் கையில் கொடுத்தார். அவள் ஒரே மடக்கில் குடித்தாள்.

பாம்... பாம்...

வாசலில் கார். கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆசாமி, ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் பேனாவுமாக இறங்கி, சிரித்துக்கொண்டே படியேறினான். ஷொம்போர் எழுந்து போய் மறித்தார். இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்தார்.

"கேப்டன், ஓட்டல்காரர். இந்த வீட்டு அம்மாவைப் பார்க்கணுமாம்."

கேப்டன் பாகோஷ் ஒரு சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக் கடித்தார்.

"எந்த அம்மான்னு கேட்டுட்டு வா. சுவத்துல இருக்கிறவங்களா, விலங்குல இருக்கிறவங்களா... இல்ல, சுத்தியலோட நிக்கிறவங்களா?"